லம்பா லைன்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகர் ஸ்ரீ விஜயபுரம். 2024ஆம் ஆண்டு வரை இதன் பெயர் போர்ட் பிளேர். இந்நகரின் ஒரு பகுதியே லம்பா லைன். ‘லம்பா’ என்னும் இந்திச் சொல்லுக்கு ‘நீண்ட’ என்பது பொருள்.

சென்னையிலிருந்து கப்பலில் இங்கு வர ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். விமானத்தில் இரண்டரை மணி நேரத்திற்குள் வந்துவிடலாம். லம்பா லைனை அடுத்துள்ள வீர சாவர்க்கர் பன்னாட்டு விமான நிலையமே இதற்குக் காரணம். சிப்பி வடிவிலான அதன் புதிய முனையம் 2023 சூலையில் திறக்கப்பட்டது.

இந்நிலையத்தின் தொடக்கம் துயரமானது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை இத்தீவுகளைக் கைப்பற்றியது. தீவு மக்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கி, இங்கு ஓடுபாதை அமைத்தது. அவ்விடமே பின்னாளில் விமான நிலையமாக வளர்ந்தது. இன்று உயர்சிகிச்சை நாடும் நோயாளிகளும் வெளியூரில் பயிலும் மாணவர்களும் இதன் வழியாகவே விரைந்து செல்கின்றனர்.

சுற்றுலாப் பயணிகள் பலர் இறங்கியதும் செல்லுலார் சிறையைக் காண விரைகின்றனர். அங்கு விடுதலை வீரர்களின் துன்பத்தை அறிகின்றனர். தாம் வந்து இறங்கிய ஓடுபாதைக்கும் அத்தகைய வரலாறு உண்டு என்பதை அவர்களுள் சிலரே அறிவர்.