அழகுக்கு விலை போடத் தெரியுமா?

உங்களில் சிலர் அழகாகப் படம் வரைவீர்கள்; சிலர் களிமண்ணில் பொம்மை செய்வீர்கள். "நான் பெரிய வடிவமைப்பாளர் ஆவேன்" என்று சொல்பவர்களும் உண்டு. நல்ல ஆசைதான்! ஆனால், அந்தத் தொழிலில் கைத்திறன் பாதி. கணக்குத் திறன் மறு பாதி.

கடலூர் வண்டிப்பாளையம் கொலு பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற இடம். களிமண்ணைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, காய வைத்து, சூளையில் சுட்டு, வர்ணம் தீட்டுவார்கள். மாதக்கணக்கில் வேலை. விற்பனையோ பெரும்பாலும் நவராத்திரியை ஒட்டிய சில வாரங்களில்தான். விலையைத் தவறாகப் போட்டால் பல மாத உழைப்பு வீணாகிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோமா?

நீங்கள் 20 பொம்மைகள் செய்கிறீர்கள். மண், விறகு, வர்ணம், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய். ஒரு பொம்மைக்கு 60 ரூபாய்தானே? "150 ரூபாய்க்கு விற்றால் 90 ரூபாய் லாபம்!" என்று துள்ளிக் குதிப்பீர்கள்.

பொறுங்கள்! நான்கு நாள் உழைத்தீர்களே, அதற்குக் கூலி? நாளொன்றுக்கு 500 ரூபாய் என்றால் 2,000 ரூபாய். மொத்தச் செலவு 3,200. சூளையில் 4 பொம்மைகள் வெடித்துவிட்டன, மிச்சம் 16. இப்போது வகுத்துப் பாருங்கள். ஒரு பொம்மையின் அடக்க விலை 200 ரூபாய்! 150க்கு விற்றால் 50 ரூபாய் நஷ்டம்.

தன் கூலியையும் சேதாரத்தையும் கணக்கில் சேர்க்காதவர், எவ்வளவு விற்றாலும் கையில் காசு நிற்பதில்லை.

மண்பாண்டக்காரர் போட்ட கணக்கு

இங்கிலாந்தில் குயவர் குடும்பத்தில் 1730-ல் பிறந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். சிறு வயதில் அம்மை நோய் தாக்கி அவரது கால் பழுதானது. சக்கரத்தை மிதித்துச் சுற்ற முடியவில்லை. மனம் தளராமல், புதுப்புது வடிவங்களையும் மெருகுகளையும் ஆராய்ந்தார். அவர் செய்த பாத்திரங்களை இங்கிலாந்து ராணியே விரும்பி வாங்கினார்.

1772-ல் அங்கே பண நெருக்கடி வந்தது. விற்பனை சரிந்தது. வெட்ஜ்வுட் ஒவ்வொரு பொருளுக்கும் ஆகும் செலவைத் துருவித் துருவி எழுதினார். அச்சு செய்யும் செலவும், வாடகையும், கணக்கர் சம்பளமும் பத்துப் பொருள் செய்தாலும் நூறு செய்தாலும் ஏறக்குறைய மாறாது என்று கண்டார். ஒரே அச்சில் அதிகம் செய்தால் ஒரு பொருளின் அடக்க விலை குறையும் அல்லவா? அந்தக் கணக்கு அவர் தொழிலுக்குக் கைகொடுத்தது.

யாருக்காகச் செய்கிறோம்?

கொலு வைக்கும் குடும்பம் பெரிய செட் பொம்மையையும் விரும்பி வாங்கும். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் வெளியூரிலிருந்து வருபவரோ ரயிலிலும் பஸ்ஸிலும் ஊர் திரும்ப வேண்டும். அவருக்கு உடையாமல் பையில் வைக்கும் கையளவுப் பொம்மைதான் வசதி. வாங்குபவரைப் புரிந்துகொண்டு வடிவத்தை மாற்றுவதும் தொழில் திறமைதான்.

முற்றிலும் புதிய வடிவத்தை உருவாக்கினால், அதை வெளியிடுவதற்கு முன்பே வடிவமைப்புச் சட்டம் 2000-ன்படி பதிவு செய்யலாம். பாதுகாப்பு 10 ஆண்டுகள். மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம்.

இந்த வாரம் வாழ்த்து அட்டையோ பொம்மையோ ஒன்று செய்யுங்கள். ஒரு நோட்டில் பொருள் செலவு, உழைத்த நேரம், சேதாரம் மூன்றையும் எழுதுங்கள். பிறகு விலை போடுங்கள். கணக்குப் பாடம் கசக்கிறது என்று இனி சொல்ல மாட்டீர்கள்!