பூட்டு உடையாத திருட்டு

அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பகுதியில் உள்ளது எங்கள் ஆலத்தியூர். சுண்ணாம்புக்கல்லும் முந்திரியும் அந்நிலத்தின் செல்வங்கள். சிமெண்டு ஆலையால் ஊரின் பெயர் வெளியூராருக்கும் தெரியும். 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் கணினி வழியே திருட்டு நடந்ததாகச் செய்தி வந்தது. முந்திரி விற்ற பணத்தை வங்கியில் இட்டு வைத்திருந்த முதியவர் ஒருவர், நான் பெரியப்பா என்று அழைப்பவர், என்னை வழியில் நிறுத்திக் கேட்டார்: “பூட்டு உடையவில்லை, காவற்காரன் உறங்கவில்லை. பின் பணம் எப்படித் தம்பி போயிற்று?” அன்று நான் அரைகுறையாகவே விடை சொன்னேன். இன்று நேயர்களுக்குச் சற்று விளங்கச் சொல்ல விரும்புகிறேன்.

கணினிக்கு முகம் தெரியாது. கடவுச்சொல் மட்டுமே தெரியும். சரியான சொல்லைச் சொல்பவன் எவனாயினும் அவனையே உரியவன் என்று அது நம்பிவிடும். ஆகவே, பல கணினிகளை இணைத்த வலையமைப்பினுள் புக விரும்புவோன் பெரும்பாலும் கதவை உடைப்பதில்லை. சாவியைப் பெறவே முயல்கிறான்.

சாவி அவன் கைக்கு எவ்வாறு வருகிறது? முதல் வழி ஒரு கடிதம். மேலதிகாரியிடமிருந்தோ வேலை தேடுவோரிடமிருந்தோ வந்ததுபோல ஒரு மின்னஞ்சல் வரும். அதில் உள்ள இணைப்பை அலுவலர் ஒருவர் திறந்தால் போதும். கெடுநிரல் ஒன்று அவருடைய கணினியில் குடியேறி, அவர் தட்டும் எழுத்துகளைத் திருடத் தொடங்கும். இரண்டாவது வழி, மென்பொருளில் உள்ள ஓட்டை. அதனை அடைக்கும் திருத்தத்தை நிறுவனம் வெளியிட்டும் நாம் ஏற்றாமல் இருந்துவிடுகிறோம். 2017 மே மாதத்தில் பல நாடுகளின் கணினிகளை முடக்கிய ‘வானாகிரை’ என்னும் நிரல் நுழைந்த ஓட்டைக்கு, இரண்டு திங்களுக்கு முன்பே மார்ச்சு மாதத்தில் திருத்தம் வந்திருந்தது! மூன்றாவது வழி, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்துக்கொள்ளும் நம் சோம்பல். ஓரிடத்தில் களவுபோன சொல் எல்லா இடத்தையும் திறந்துவிடும்.

உள்ளே புகுந்தவன் உடனே கை வைப்பதில்லை. வாரக்கணக்கில் ஒளிந்திருந்து, யார் எப்போது வேலை செய்கிறார்கள், எந்த நாள் விடுமுறை என்றெல்லாம் பார்த்துக்கொள்கிறான். வங்கதேசத்தின் மத்திய வங்கியில் 2016 பிப்ரவரியில் நடந்தது இதற்குச் சான்று. வேலை கேட்கும் விண்ணப்பம்போல வந்த மின்னஞ்சல்களே அங்கு முதற்படி என்று அமெரிக்க அரசு 2018இல் தொடுத்த வழக்கு கூறுகிறது. வார விடுமுறை தொடங்கும் இரவைத் தேர்ந்து, ஏறத்தாழ 95 கோடி டாலரை அனுப்பும்படி பொய்யாணைகள் பிறப்பிக்கப்பட்டன. 8 கோடியே 10 இலட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலரோ, பெறுவோர் பெயரில் இருந்த ஓர் எழுத்துப்பிழையால் ஐயத்துக்குள்ளாகி நின்றது.

கும்பகோணத்து வங்கியிலும் முறை அதுவே. நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் ‘ஸ்விஃப்ட்’ அமைப்பின் வழியே மூன்று பொய்யாணைகள் சென்றன: துபாய்க் கணக்குக்கு 5 இலட்சம் டாலர், துருக்கிக்கு 3 இலட்சம் யூரோ, சீனாவுக்கு 10 இலட்சம் டாலர். ஆணை சென்றதற்கான சான்றை அச்சிட்டுத் தரவேண்டிய அச்சுப்பொறி அன்று மாலை இயங்கவில்லை. அது பழுதன்று, அதனைச் செயலிழக்கச் செய்தவர்கள் திருடர்களே. கள்வன் நாயின் வாயைக் கட்டுவதுபோல் அச்சுப்பொறியின் வாயைக் கட்டினார்கள். ஆயினும் மறுநாள், பிப்ரவரி 7ஆம் நாள், வழக்கம்போல் கணக்கை ஒத்துப்பார்த்தபோது பொய் வெளிப்பட்டது. துபாய்க்குச் சென்ற தொகை தடுக்கப்பட்டு உடனே திரும்பியது.

இனி, இவர்கள் இதனை ஏன் செய்கிறார்கள்? சிலருக்கு ஆர்வமே காரணம். 1988 நவம்பரில் ராபர்ட் மாரிஸ் என்னும் அமெரிக்க மாணவர் விட்ட நிரலொன்று தானே பெருகி, ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. பலருக்குப் பணமே நோக்கம். 2022 நவம்பரில் தில்லியின் எய்ம்ஸ் மருத்துவமனைக் கணினிகள் முடங்கியபோது, நோயாளிகளின் பதிவுகளைப் பல நாள் கையால் எழுதவேண்டியதாயிற்று. இன்னும் சிலருக்கு நாடுகளின் பகைமையே தூண்டுகோல். 2010இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ ஈரானின் அணுப்பொருள் ஆலையில் சுழல் எந்திரங்களையே கெடுத்தது. நம் கூடங்குளம் அணுமின் நிலையத்திலும், நிர்வாகப் பணிக்குரிய ஒரு கணினியில் கெடுநிரல் இருந்தது 2019இல் உறுதியாயிற்று. உலையை இயக்கும் வலையமைப்பு அதனோடு இணைக்கப்படாமல் தனித்திருந்ததே காப்பாயிற்று. இக்காலச் சிமெண்டு ஆலைகளின் சூளைகளும் கணினியின் சொற்படி இயங்குவன. அவற்றின் அருகே வாழும் எங்கள் ஊரார்க்கு இஃது அயல்நாட்டுக் கதையன்று.

காப்பு யாது? ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல்; அதனோடு இரண்டாவது சான்று ஒன்று; திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுதல்; முதன்மையான பதிவுகளின் படியை இணையத்தோடு சேராத இடத்தில் வைத்தல்; எதிர்பாராத கடிதத்தைத் திறக்குமுன் அனுப்பியவரைத் தொலைபேசியில் கேட்டுவிடுதல். இவற்றுள் பெருஞ்செலவு வேண்டுவது ஒன்றுமில்லை.

நான் சொல்லியவற்றுள் இன்னொன்றையும் நேயர்கள் கவனித்திருக்கலாம். கதவு திறந்தது மனிதரின் அயர்வால். கள்வன் பிடிபட்டதும் மனிதரின் கண்ணால். ஓர் எழுத்துப்பிழையைக் கண்டவரும், காலையில் கணக்கை ஒத்துப்பார்த்தவரும் தம் அன்றாடக் கடமையையே செய்தார்கள். திருட்டு நடந்தது, வங்கி வெளிநாட்டு வங்கிகளில் வைத்திருந்த கணக்குகளின் வழியே. பெரியப்பாவின் கணக்கில் யாரும் கை வைக்கவில்லை. இதனை அவரிடம் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது. “அப்படியானால் காலையில் கணக்குப் பார்த்த அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும்” என்றார். மறுநாளே தம் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வரவு செலவைப் பதிந்து வாங்கிவர வங்கிக்குப் புறப்பட்டார்.