படவணுவும் புள்ளியும்: சிறிய படத்தைப் பெரிதாக்கல்

பள்ளி ஆண்டுமலர் ஆயத்தமாகும் காலத்தில், ஸ்கூடாய் வட்டார ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: புலனத்தில் வந்த சிறிய படத்தைத் தரம் குன்றாமல் முழுப்பக்க அளவுக்குப் பெரிதாக்க இயலுமா?

இலக்கமுறைப் படம் என்பது வண்ணக் கட்டங்களின் அடுக்கு. அக்கட்டத்தைப் படவணு என்போம். ('படப்புள்ளி' என்றும் வழங்குவர், மெய்யெழுத்தின் புள்ளியைப் பற்றியும் இங்குப் பேசவேண்டியிருப்பதால் அச்சொல்லைத் தவிர்க்கிறேன்.) 600 படவணு அகலமுள்ள படம், அங்குலத்துக்கு 300 என்னும் அச்சுத் தரத்தில் 2 அங்குலமே வரும். அதன் நீள அகலங்களை இரட்டித்தால் படவணுக்கள் நான்கு மடங்காகும். நான்கில் மூன்று பங்கு புதியவை. அவற்றின் வண்ணத்தைக் கணினி அண்டைக் கட்டங்களைக் கொண்டு கணிக்கிறது. பரவலாக வழங்கும் ஒரு முறை, சுற்றியுள்ள 16 படவணுக்களை நோக்கிக் கணிக்கும். படம் வழவழப்பாகும், ஆனால் புதிய செய்தி எதுவும் சேராது.

2014 முதல் வளர்ந்துவரும் செயற்கை நுண்ணறிவு முறைகள் வேறுவகை. பல்லாயிரம் படங்களைக் கற்று, 'இவ்விடத்தில் இது இருந்திருக்கக்கூடும்' என்று வரைந்துவிடுகின்றன. மரத்தின் இலையையோ கூரையின் ஓட்டையோ அவ்வாறு வரைந்தால் குடி முழுகிப்போகாது. எழுத்தை வரைந்தால்?

1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழின் பழைய தாள் ஒன்றை எண்ணிப்பாருங்கள். 10 புள்ளி அளவு அச்செழுத்து, அங்குலத்துக்கு 100 படவணு என வருடினால் ஏறத்தாழ 14 படவணு உயரமே பெறும். மெய்யின் புள்ளிக்கு ஓரிரு படவணுவே வாய்க்கும். அது மங்கினால் 'பல்' என்பது 'பல' ஆகும். தாளின் கறை புள்ளியாகக் கொள்ளப்பட்டால் 'பல' என்பது 'பல்' ஆகும். இன்றைய எழுத்துகளை மட்டும் கற்ற கருவி, 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'ணா' வடிவங்களை இன்றைய வடிவாகவே மாற்றி வரையவும் கூடும். எழுத்து வரலாற்றை ஆராயும் மாணவருக்கு அங்கே சான்றே அழிந்துவிடும்.

இது வெற்றச்சமன்று. 2013இல் செராக்ஸ் நிறுவனத்தின் சில வருடிப்படியெடுக்கும் இயந்திரங்கள் 6 என்னும் இலக்கத்தை 8 என மாற்றியதை டேவிட் கிரீசல் என்னும் செருமானியக் கணினியியலர் வெளிப்படுத்தினார். அங்குப் பிழை செய்தது பெருக்கமன்று, சுருக்கம். ஒத்த தோற்றமுடைய கட்டங்களை ஒன்றாகவே கொண்டுவிட்டது. எனினும் பக்கம் தெளிவாக இருந்தமையால் ஐயம் எழவில்லை.

நம் பதிப்பாசிரியர்கள் இச்சிக்கலை நெடுநாள் அறிவர். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சிதைந்த இடங்களைத் தாமே இட்டு நிரப்பவில்லை. பிறர் புகுத்தியதை நாம் இடைச்செருகல் என்கிறோம். கணினியின் கணிப்பு முறைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் வழங்குகிறது, பொருத்தமான ஒற்றுமை.

ஆகவே, முதலில் மூலத்தைத் தேடுங்கள். புலனத்தில் படமாக அனுப்பினால் அது சுருங்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். தாள் கையில் இருந்தால் 600 படவணு அடர்த்தியில் மீண்டும் வருடுங்கள். அதே எழுத்து 83 படவணு உயரம் பெறும். பள்ளிச் சின்னத்தையும் தலைப்பையும் பெருக்க வேண்டா. வளைகோடுகளாக மீள வரையுங்கள். முத்து நெடுமாறன் வடிவமைத்தவை போன்ற இன்றைய எழுத்துருக்கள் அவ்வாறே அமைந்திருப்பதால்தான் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதைவதில்லை. வேறு வழியின்றி நுண்ணறிவுக் கருவியால் பெருக்கினால், படத்தின் கீழ் அதனைக் குறித்து, மூலக் கோப்பையும் தனியே பாதுகாத்து வையுங்கள்.