இடுப்பைக் கிள்ளும் கயிறு

அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒஹாயோ, மிச்சிகன் காடுகளில் இலையுதிர்காலம் வந்தால் வில்லோடு மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர்களில் சிலர் மரத்தில் உட்காருவதில்லை, தொங்குகிறார்கள். தரையிலிருந்து ஐந்தாறு மீட்டர் உயரம். முகம் மரத்தைப் பார்த்திருக்கும். பிட்டத்தை அணைத்த அகலத் துணியில் பின்சாய்ந்து, மரத்தில் கட்டிய சிறு பலகையில் கால்களை ஊன்றி மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். இந்தத் தொங்கு இருக்கைக்கு ட்ரீ சேடில் என்று பெயர். இரும்பு நாற்காலியைச் சுமந்துபோய் மரத்தில் பூட்டும் பாடு இதில் இல்லை. சேடில் ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். வெண்வால் மான் நெருங்கினால் அடிமரத்தையே மறைப்பாக வைத்துக்கொண்டு சுற்றி நகரலாம்.

இந்திய வாசகருக்கு வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஏறக்குறைய முடிந்த கதை. ஆனால் தொங்குவதன் இயற்பியலுக்கு அந்தத் தடை இல்லை.

கடையில் வாங்க மனமில்லாதவர்கள் கையில் இருப்பதை வைத்தே சேடில் கட்டப் பார்க்கிறார்கள். பாறையேறும் ஹார்னஸ் (இடுப்பிலும் தொடைகளிலும் கட்டும் பட்டை அமைப்பு), தூளித் துணி, நைலான் பட்டை, நாலைந்து காராபைனர் (பூட்டுக் கொக்கி) என்று வீட்டில் கிடப்பது போதும் என்று தோன்றும். தொங்கிய சற்று நேரத்திலேயே இடுப்பு எதிர்ப்புத் தெரிவிக்கும்.

பாறையேறும் ஹார்னஸ் விழுகிறவரைப் பிடித்து நிறுத்தச் செய்தது. எடை முழுவதும் முன்பக்கத்து ஒற்றை வளையத்தில் கூடுகிறது, பட்டைகளோ குறுகியவை. கடைப் பையின் மெல்லிய பிடி விரலை அறுக்கிற கதைதான். 80 கிலோ ஆளை 5 செ.மீ. அகலமும் 80 செ.மீ. நீளமும் கொண்ட பட்டை ஒன்றே தாங்குவதாக வைத்துக்கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் அழுத்தம் வரும். பாதரச அளவில் அது ஏறக்குறைய 147 மி.மீ. நுண் இரத்தக்குழாய்களுக்குள் இரத்தம் நுழையும் இடத்திலேயே சராசரி அழுத்தம் 32 மி.மீ.தான் என்று யூஜின் லாண்டிஸ் 1930இல் அளந்து சொன்னார். அதைப் பல மடங்கு மீறி அமுக்கினால் தோல் மரத்துப்போவதில் வியப்பில்லை. அதே நீளத்தில் துணியின் அகலத்தை 30 செ.மீ. ஆக்கினால் அழுத்தம் 25 மி.மீ. அருகே இறங்கிவிடுகிறது.

இது சராசரிக் கணக்கு. உடம்பு தட்டையான மேசை இல்லையே! இழுபட்ட துணி ஒரு வளைவின் மேல் தரும் அழுத்தம், வளைவின் ஆரம் குறையக் குறைய ஏறும். பிட்டம் பெரிய வளைவு, அதனால் அங்கே துணி மென்மையாகப் படியும். இடுப்பெலும்பின் விளிம்பு சிறிய வளைவு, அதே துணி அங்கே கடிக்கும். எலும்பின் மேல் மெத்தை வைத்தால் வலி குறைவதற்குக் காரணம் அதன் மென்மை மட்டும் இல்லை, அது வளைவைப் பெரிதாக்குகிறது.

சேடிலில் இடுப்பின் இரண்டு பக்கங்களையும் இணைத்து முன்னால் ஒரு பாலக் கயிறு போகிறது. மரத்தைச் சுற்றிய கயிற்றோடு அதை இணைப்பது ஒரு காராபைனர். காராபைனர் பாலத்தில் வழுக்கி ஓடுவதால்தான் ஆள் இடமும் வலமும் திரும்ப முடிகிறது. பாறை ஹார்னஸின் ஒற்றை வளையம் இதற்கு இடம் தராது. ஆனால் பாலக் கயிற்றுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: எடையைத் தாங்கும்போதே இடுப்பை இருபுறமிருந்தும் உள்ளே நெருக்கும். இணைப்புப் புள்ளிகளுக்கு நடுவே 40 செ.மீ. இடைவெளி, 80 கிலோவும் பாலத்தில்தான் என்று கொள்வோம். பாலம் 50 செ.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் 53 கிலோ நெருக்கம். 80 செ.மீ. என்றால் 23 கிலோ. 120 செ.மீ. என்றால் 14 கிலோதான். நடைமுறையில் கால்களும் பங்கெடுப்பதால் எண்கள் குறையும், விகிதம் மாறாது. இடுப்பு கிள்ளுகிறது என்று மெத்தை தேடி அலைகிறவர் முதலில் பாலத்தை ஒரு சாண் நீட்டிப் பார்க்கலாம். மிகவும் நீட்டினால் மரம் கைக்கு எட்டாமல் போய்விடும் என்பதே இதற்கு எல்லை.

சொந்தமாகச் செய்தவர்கள் கண்டுபிடித்த உபாயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, வேலையை இரண்டாகப் பிரித்தது. பாறை ஹார்னஸ் உயிரைக் காக்கட்டும். பிட்டத்துக்குப் பின்னால் தனியாக ஓர் அகலத் துணி எடையைச் சுமக்கட்டும். துணி கிழிந்தாலும் ஹார்னஸ் பிடிக்கும். சுகத்துக்கான பாகத்தை எதைக் கொண்டும் தைக்கலாம். மரத்துக்கும் உடம்புக்கும் நடுவே உயிரைத் தாங்கும் ஒவ்வொரு கண்ணியும் மட்டும் அதற்கென்றே சோதித்து விற்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஹார்னஸின் பக்கவாட்டில் கருவிகளை மாட்டுவதற்கென்று இருக்கும் வளையங்கள் ஆளைத் தாங்கச் செய்தவை அல்ல. பாலக் கயிற்றை அவற்றில் கட்டினால் கதை முடிந்தது.

மரத்துக் கயிற்றில் ஏறி இறங்கும் முடிச்சு ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் விளக்கியது. எடை வந்தால் இறுகும், எடுத்தால் நழுவும். இங்கே ‘வலுவானதே நல்லது’ என்று நினைப்பவர் ஏமாறுவார். எடைக்கு எடை எஃகைவிட வலுவான டைனீமா இழை, வழுவழுப்பானது. கம்பத்தில் மூன்று சுற்றுச் சுற்றிய கயிற்றின் உராய்வுக் கெழு 0.25 என்றால், பிடிக்கும் கையின் விசை நூறு மடங்குக்கு மேல் பெருகும். டைனீமா போல 0.07 என்றால் நாலு மடங்குகூட ஆகாது. மேலும் டைனீமா 150 பாகை செல்சியஸ் அருகிலேயே உருகிவிடும், நழுவும் முடிச்சோ சூடாகும்.

கயிறு தளர்ந்திருப்பது இன்னும் பெரிய ஆபத்து. 60 செ.மீ. விழுந்து 5 செ.மீ.க்குள் நின்றால் உடம்பில் விழும் சராசரி விசை எடையைப் போல் 13 மடங்கு. 80 கிலோ ஆளுக்கு ஒரு டன்னுக்கு மேல். தொழிற்கூடங்களில் விழுபவரைத் தடுக்கும் சாதனங்களுக்கு ஐரோப்பிய வரம்பு ஏறக்குறைய 600 கிலோ விசை. அதனால்தான் மரத்துக் கயிறு தலை உயரத்தில், எப்போதும் இழுபட்டே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

பழைய பொருளின் தேய்மானத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். யோசெமிட்டியின் லீனிங் டவர் பாறையில் 2006 அக்டோபரில் கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்த டாட் ஸ்கின்னர், ஹார்னஸின் முன் வளையம் அறுந்து இறந்தார். உலகின் தேர்ந்த பாறையேறிகளில் ஒருவர். வளையம் மிகவும் தேய்ந்திருந்தது.

அனுபவசாலிகள் புதிய அமைப்பை முதலில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் தொங்கிப் பார்க்கிறார்கள், அதுவும் வேட்டைக்குப் போடும் அதே தடித்த உடைகளோடு. மரத்துக் கயிற்றைச் சற்று உயர்த்தினால் உட்கார்ந்த நிலை வரும், தாழ்த்தினால் நின்று சாயும் நிலை. ஒரு மணி நேரம் போனால் வலி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். தொடை என்றால் துணியின் கீழ் விளிம்பை நகர்த்துவார்கள், இடுப்பு என்றால் பாலத்தை நீட்டுவார்கள், முழங்கால் மரத்தில் உரசினால் அங்கே ஒரு மெத்தையைக் கட்டிக்கொள்வார்கள்.