நான்கு கணிதங்களில் எது?

நெதர்லாந்து தேசத்துக் கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியொன்றில், வேதவாசகத்தோடும் பிரார்த்தனையோடும் நாளைத் தொடங்கும் பதினைந்து வயதுப் பிள்ளை, அப்பள்ளியின் மூன்றாம் ஆண்டை முடிக்குமுன்பே தன் வருங்கால வித்தையைப் பெரிதும் நிர்ணயிக்கக்கூடிய ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: ஏ, பி, சி, டி என்று வழங்கும் கணிதப் பாடங்களில் எதை எடுத்துக்கொள்வது?

பள்ளியின் மதம் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. 1917-இல் அரசியல் சாசனத் திருத்தத்தின் மூலம் சமயச் சார்புள்ள தொடக்கப் பள்ளிகள் அரசாங்கப் பள்ளிகளுக்குச் சமமான பொதுப்பண உதவியைப் பெற்றன. அந்த நியாயம் பிற்பாடு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதற்குப் பிரதியாக அவை அரசாங்கப் பாடத்திட்டத்தையும் தேசம் முழுவதற்கும் பொதுவான இறுதிப் பரீட்சையையும் ஏற்றுக்கொண்டன.

பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டும் ஆறாண்டுப் பிரிவில், ‘கணிதம் பி’ நுண்கணிதம், முக்கோணவியல், வடிவகணிதம் ஆகியவற்றைச் சூத்திரங்களின் சுத்த ரூபத்திலேயே கற்பிக்கிறது. அதற்கு 600 மணி நேரப் படிப்பு விதிக்கப்பட்டிருக்கிறது. ‘ஏ’ பாடத்துக்கு 520 மணி. புள்ளியியல், நிகழ்தகவு, வளர்ச்சியையும் தேய்வையும் காட்டும் வரைபடங்கள் என்று உலக விவகாரங்களை ஒட்டியே அது செல்கிறது. தருக்கமும் சித்திரக்காரர்களின் தூரக்காட்சி விதிகளும் இடம்பெறும் ‘சி’, கலையும் மானிடவியலும் பயில விரும்புவோருக்கு உரியது. ‘டி’ என்பதோ ‘பி’ எடுத்த ஆர்வலர்கள் மேலதிகமாகப் படிப்பது. அதற்குப் பொதுப் பரீட்சை கிடையாது, பள்ளியே மதிப்பெண் வழங்கும்.

‘பி’ கெட்டிக்காரர்களுக்கு, ‘ஏ’ மற்றவர்களுக்கு என்ற அபிப்பிராயம் பெற்றோரிடையே வேரூன்றியிருப்பதை நான் மிகவும் அநியாயமானதாகவே கருதுகிறேன். ‘ஏ’ வினாத்தாளில் ஒரு நோய் பரவுவதையோ, ஒரு கடனுக்கு வட்டி ஏறுவதையோ நீண்ட வசனத்தில் விவரித்த பிறகே கணக்குக் கேட்கப்படுவதால், அதை அவிழ்ப்பதற்கு மொழி ஞானமும் நிதானமும் வேண்டும். சூத்திரத்தைச் சரளமாகக் கையாள்கிற, ஆனால் டச்சு மொழியில் இன்னும் தடுமாறுகிற குடியேறிய வீட்டுப் பிள்ளைக்கு ‘பி’-யே சுலபமாக இருப்பதும் உண்டு. ‘சி’-யை எடுப்பவனை அறிவில் குறைந்தவனாக எண்ணுவது அதைவிடவும் பெரிய பிழை.

ஆயினும் கௌரவம் வேறு, கதவுகள் வேறு. ‘இயற்கையும் தொழில்நுட்பமும்’ என்ற பாடத்தொகுதியில் ‘பி’ கட்டாயம். டெல்ஃப்ட் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் படிப்புகளுக்கும் அதுவே நுழைவாயில். பொருளாதாரத்துக்கும் மனோதத்துவத்துக்கும் ‘ஏ’ பொதுவாகப் போதும். வைத்தியத்துக்கும், வேண்டிய விஞ்ஞானப் பாடங்கள் உடன் இருந்தால், ‘ஏ’ போதும். இன்னொரு விதியையும் மறக்கலாகாது: பத்துக்கு மதிப்பிடப்படும் இறுதிப் பரீட்சையில், டச்சு, ஆங்கிலம், கணிதம் ஆகிய மூன்றிலும் சேர்த்து ஒரே ஒரு ஐந்துதான் மன்னிக்கப்படும், ஆகையால் தாங்கமுடியாத கணிதத்தைப் பெருமைக்காகச் சுமக்கும் பிள்ளை முழுச் சான்றிதழையே இழக்க நேரிடலாம்.

பெற்றோர்களே, பிள்ளையின் சிநேகிதர்கள் எதை எடுக்கிறார்கள் என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, கணித ஆசிரியரையும், ‘டேகான்’ என்று அங்கே அழைக்கப்படும் ஆலோசகரையும் பிள்ளையோடு சேர்ந்து சந்தியுங்கள்; மனத்திலிருக்கும் படிப்பின் சேர்க்கை நிபந்தனையைப் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். அதற்குப் பின்னும் சந்தேகம் நீங்காமல், பிள்ளைக்குச் சக்தியும் இருக்குமானால், ‘பி’-யில் தொடங்குங்கள். அங்கிருந்து இடையில் ‘ஏ’-க்கு மாறப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன, ஆனால் ‘ஏ’-யிலிருந்து ‘பி’-க்கு ஏறுவது மிகக் கடினம்.