முதல் அடியே முள்ளாய்க் குத்துகிறதா?

காலையில் கண் விழித்து, கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கிறீர்கள். குதிகாலில் 'சுரீர்' என்று ஒரு குத்தல்! 'அம்மாடி' என்று சுவரைப் பிடித்துக்கொண்டு, நொண்டியபடியே சமையலறைக்குப் போகிறீர்கள். கொஞ்ச நேரம் நடமாடியதும் வலி மட்டுப்படுகிறது. 'அப்பாடா, சரியாயிடுச்சு' என்று வேலையில் இறங்கிவிடுகிறீர்கள். மறுநாள் காலை? மறுபடியும் அதே 'சுரீர்'!

நாற்பதைத் தாண்டியவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது.

ஏன் வருகிறது?

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை, உள்ளங்காலில் கெட்டியான சவ்வு ஒன்று வில்லின் நாண் மாதிரி ஓடுகிறது. 'பிளாண்டார் ஃபேஷியா' என்று இதற்குப் பெயர். பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிக்கிற இந்தச் சவ்வு, அளவுக்கு மீறி இழுபட்டால் குதிகாலில் ஒட்டியிருக்கும் இடத்தில் நைந்துபோகிறது. ராத்திரி முழுக்க இறுகிக் கிடந்த சவ்வின் மேல், காலையில் உடம்பின் பாரம் திடீரென்று ஏறுகிறது. அதனால்தான் முதல் அடியில் அத்தனை வலி!

அதிக எடை, மணிக்கணக்கில் நிற்கும் வேலை, வெறுங்காலோடு சிமெண்ட், கிரானைட் தரையில் நடப்பது, தேய்ந்த செருப்பு, தட்டைப் பாதம், இறுகிய கெண்டைக்கால் சதை... இவை எல்லாமே காரணமாகலாம்.

"எக்ஸ்ரேயில எலும்பு வளர்ந்திருக்காமே, ஆபரேஷன் பண்ணணுமா டாக்டர்?"

பயம் வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த 'முள்' எக்ஸ்ரேயில் தெரியும். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆபரேஷன் இல்லாமலே குணமாகிறார்கள். ஆனால் பொறுமை வேண்டும். சில மாதங்கள் பிடிக்கும்.

நீங்களே செய்யலாம்

* படுக்கையை விட்டு இறங்கும் முன்பே, கால் விரல்களைக் கையால் உங்களை நோக்கி இழுத்து 10 வரை எண்ணுங்கள். இப்படிப் பத்து முறை. தினம் மூன்று வேளை.

* சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் சதை இளகும்.

* தண்ணீர் பாட்டிலை ஃப்ரீஸரில் உறைய வைத்து, துணி சுற்றி, உள்ளங்காலால் பத்து நிமிடம் உருட்டுங்கள்.

* வீட்டுக்குள்ளும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போடுங்கள். எடையைக் குறையுங்கள்.

வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்காதீர்கள். ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்கும்தான். அடிக்கடி போட்டால் சவ்வே கிழியலாம்.

சர்க்கரை நோயாளிகளே, உஷார்!

'செங்கல்லைச் சூடு பண்ணி, எருக்க இலையை வெச்சு மிதி' என்று பாட்டி சொல்லியிருப்பார். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்குச் சூடு உறைக்காது. வெந்து புண்ணான பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறாமல் போனால் காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். ஆகவே இந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம்! ஐஸ் ஒத்தடமும் டாக்டரைக் கேட்காமல் கூடாது.

வீக்கம், காய்ச்சல், மரத்துப்போதல், ராத்திரியிலும் விடாத வலி, கீழே விழுந்த பின் வந்த வலி என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். இளவயதில் குதிகால் வலியோடு காலையில் முதுகும் விறைத்துக்கொண்டால், அது வேறு மூட்டு நோயாகவும் இருக்கலாம்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவரா நீங்கள்? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே திருத்தப்பட்டது. கூட்டம் இல்லாத நேரத்தில் தயங்காமல் உட்காருங்கள். குடும்பத்தையே தாங்குகிற கால் அல்லவா!