கூரை நடக்குது, வாங்க பார்க்கலாம்!

ஹெல்மெட் மாட்டியாச்சா? கேப் லேம்ப் எரியுதா? தீப்பெட்டியும் செல்போனும் மேலேயே இருக்கட்டும். தெலங்கானாவில், ராமகுண்டம் பக்கம் சிங்கரேணி நிறுவனத்தின் அட்ரியாலா நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கப்போகிறோம்.

போகிற வழியில் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கூரை முழுக்க இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நட்டு! அதுதான் ரூஃப் போல்ட். பாறையில் துளை போடுவார்கள். பாக்கெட் ஐஸ் மாதிரி நீளமான ரெசின் குப்பியை உள்ளே செருகுவார்கள். பிறகு கம்பியைச் சுழற்றிக்கொண்டே ஏற்றுவார்கள். குப்பி கிழியும், உள்ளே தனித்தனியாக இருந்த ரெசினும் இறுக்கியும் கலக்கும், சட்டென்று கெட்டியாகிவிடும். அடுக்கடுக்கான பாறைகள் சேர்ந்து ஒரே உத்தரம். முட்டுக் கொடுக்கக் கம்பம் ஒன்றும் வேண்டாம், பாறையே பாறையைத் தாங்கிக்கொள்ளும்!

இது சும்மா முன்னோட்டம். உள்ளே வாங்க.

250 மீட்டர் நீளத்துக்குக் கரிச்சுவர். அதை ஒட்டி, கூரையைத் தாங்கும் இரும்பு முட்டுகளான ஷீல்டுகள் நூற்றுக்கும் மேல், தோளோடு தோள் உரச நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரம் டன்னுக்கு மேல் தாங்கும். ஷியரர் இயந்திரம் கரியைச் சீவிக்கொண்டே கடந்து போகிறது. இப்போது பாருங்கள், இந்த ஷீல்டை! கால்களை லேசாக மடக்குகிறது... சர்ரென்று முன்னால் நகர்கிறது... மறுபடி நிமிர்ந்து கூரையை அழுத்துகிறது. அடுத்தது பக்கத்து ஷீல்டு. அதற்கடுத்தது. வரிசையே நடக்கிறது! அந்தக் கால்களுக்குள் என்ன இருக்கிறது என்கிறீர்கள்? பெரும்பாலும் தண்ணீர்தான், கூட ஐந்து சதவீதம் போல எண்ணெய்.

டமார்!

பயப்படாதீர்கள். ஷீல்டுகள் விட்டுவந்த இடத்தில் கூரை விழுகிறது. விழத்தான் வேண்டும். விழாவிட்டால்தான் இங்கே எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைக்கும். இங்கே மேலே இருப்பது மணற்பாறை. பிடிவாதமாகத் தொங்கிக்கொண்டே இருந்து ஒரேயடியாக இறங்கினால், அடியில் சிக்கிய காற்று சுரங்கத்துக்குள் சீறிப் பாயும்.

பாரம் எல்லை மீறும்போது ஷீல்டு வீம்பு பிடிக்காது. வால்வு திறந்து கொஞ்சம் திரவத்தை விட்டு, சற்றே தணிந்துகொடுக்கும். அந்தக் காலத்து மரமுட்டு முறிவதற்கு முன்னால் முனகும். அந்த முனகலைக் கேட்டுத்தான் ஆட்கள் ஓடித் தப்பினார்கள். இப்போது ஷீல்டின் ஒவ்வொரு காலின் அழுத்தமும் கம்ப்யூட்டர் திரையில் தெரிகிறது.

இந்தப் பேனல், அதாவது இங்கே வெட்டிக்கொண்டிருக்கும் கரிப்பகுதி, தீர்ந்ததும் என்ன ஆகும் தெரியுமா? கூரைக்குக் கம்பிவலை கட்டி, போல்ட் அடித்து, ஷீல்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வண்டியில் ஏற்றி அடுத்த பேனலுக்குக் கொண்டுபோவார்கள். வாரக்கணக்கில் நடக்கிற குடிமாற்றம் அது!